கிரிக்கெட் பேட்டை ஏன் கொடுத்தான்?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது, பொறியியல் இரண்டாம் ஆண்டு. இரண்டு அரியர் விழுந்ததிலிருந்து அறையை விட்டு வருவதில்லை. "தாத்தா செத்ததே என்னாலதான், நான் தொட்ட எதுவுமே உருப்படாது" என்கிறான். தம்பி மேல் மட்டும் பாசம் குறையவில்லை; தன் வாட்ச், கிரிக்கெட் பேட் எல்லாவற்றையும் அவனுக்கே கொடுத்துவிட்டான். அடுத்த மாதம் நாத்தனார் மகள் கல்யாணம். வரமாட்டேன் என்கிறான். சொந்தபந்தம் என்ன பேசும்? எப்படிச் சம்மதிக்க வைப்பது?
– ஒரு தாய், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: கல்யாணம் கிடக்கட்டும் அம்மா. ஊர்ப் பேச்சுக்கு ஒரு வரி ஒதுக்கிய நீங்கள், பிள்ளை தூங்குகிறானா, சாப்பிடுகிறானா என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்த பேட் விஷயத்துக்கு வாருங்கள். மனம் விட்டுப்போன பிள்ளை, பொத்திப் பொத்தி வைத்திருந்ததைத் திடீரென்று தூக்கிக் கொடுத்தால் அது விடைபெறுவதாகவும் இருக்கலாம். கொடுக்கும்போது அண்ணன் என்ன சொன்னான் என்று சின்னவனிடம் விசாரியுங்கள்.

பிறகு இன்று ராத்திரியே பெரியவனைத் தனியாக உட்காரவைத்து, "செத்துப்போயிடலாம்னு தோணுதாப்பா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. "அப்படியெல்லாம் நினைக்கலையே?" என்று இழுத்தால் "இல்லம்மா" என்றுதான் பதில் வரும். ஆமாம் என்றால் அழுது சத்தியம் வாங்காதீர்கள். ஒரு நிமிடமும் தனியே விடாமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். இல்லை என்றாலும் இந்த வாரமே மனநல மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். எந்தப் பதில் வந்தாலும் பூச்சிமருந்தும் வீட்டிலுள்ள மாத்திரைகளும் அவன் கைக்கு எட்டாத இடத்துக்குப் போகட்டும். நடுராத்திரியில் பதறினால் 14416-க்குப் போன் செய்யுங்கள்; அது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

தாத்தா விஷயத்தில் வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். மனச்சோர்வு நடந்தது அத்தனைக்கும் பழியைத் தன் தலையிலேயே போட்டுக்கொள்ளும். இரண்டு அரியரை "எதுவுமே" ஆக்கும். அதற்கு வைத்தியம் உண்டு. எத்தனை வாரமாக இப்படி, தூக்கம், சாப்பாடு எப்படி என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். மாத்திரை கொடுத்தால் பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பத்தே நாளில் "ஒண்ணும் கேட்கலை" என்று நிறுத்துவதுதான் நம் வீடுகளில் வழக்கமாக நடக்கும் தப்பு. அவன் வயதில், மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில் சாகும் எண்ணம் கூடவும் வாய்ப்புண்டு. கண்காணியுங்கள், படபடப்போ தூக்கமின்மையோ கூடினால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் கணவர் கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன். சீர்த்தட்டோடு அவர் போய்த்தான் ஆக வேண்டும், போகட்டும். நீங்கள் மகனோடு வீட்டில் இருங்கள். நாத்தனார் கேட்டால் "பையனுக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை.