குடலிறக்க அறுவைக்கு முன் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதா?

குடலிறக்க அறுவைக்கு முந்தைய இரவிலிருந்தே தண்ணீரும் கூடாதா, பிறகு எப்போது எடை தூக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மயக்க மருந்தினால் இருமலும் விழுங்கும் அனிச்சைச் செயலும் அடங்கிவிடுவதால், இரைப்பையில் எஞ்சிய உணவு மேலேறி நுரையீரலுக்குள் புகுந்துவிடக்கூடும் என்பதே பட்டினிக்குக் காரணம். எளிய உணவுக்கு 6 மணி நேரமும் வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரமும் பொதுவான இடைவெளி என்றாலும், உங்கள் மயக்க மருத்துவர் குறிக்கும் நேரமே இறுதியானது. பால் கலந்த காபி தண்ணீர்க் கணக்கில் சேராது; பலர் தவறுவது இங்கேதான். புகைப்பவர்கள் குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிடுவது நல்லது. அறுவைக்குப் பின் தையலைப் பெரிதும் சோதிப்பவை இருமலும் மலச்சிக்கலுமே என்பதால், நார்ச்சத்தும் நீரும் போதிய அளவு எடுத்துக்கொண்டு, இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் மறுநாளே மெல்ல நடக்கலாம். தண்ணீர்க் குடத்தைத் தூக்க மட்டும் 4 முதல் 6 வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும்.