கேளுங்கள், சொல்கிறேன்: விகோ கடலலைக்கு எது அசல் மெட்டு?

கேள்வி: என் மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். பாடகர் குழுதான் அவளுடைய இணைப்பாட நடவடிக்கை. இந்த ஆண்டு ‘விகோ கடலின் அலைகளே’ என்று தொடங்கும் பழைய ஐரோப்பியப் பாட்டு ஒன்றைப் பழகுகிறார்கள். யூடியூபில் ஆளுக்கொரு மாதிரி பாடுகிறார்களே, எது அசல்? நம் யுரேஷியர்களின் போர்ச்சுகீசியப் பாட்டுகளோடு இதற்குத் தொடர்பு உண்டா ஐயா?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். நேரடித் தொடர்பு இல்லை. யுரேஷியர்களின் அந்தப் பாட்டுகளுக்கு வேரான போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடித்தது 1511இல். இந்தப் பாட்டு 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. விகோ ஊர் இருக்கும், ஸ்பெயினின் வடமேற்கு மூலையான காலிசியாவின் பேச்சும் போர்ச்சுகீசியமும் பிரியாத காலம் அது.

சரி, அசல் எது? மெட்டு அசல்தான், தாளம் அவரவர் ஊகம். பாடலாசிரியர் மார்ட்டின் கோடாஷ். 1914 வாக்கில் விண்டெல் என்ற மாட்ரிட் புத்தக வியாபாரி, பண்டைய ரோமானிய எழுத்தாளர் சிசரோவின் நூல் ஒன்றின் அட்டைக்குள் பழைய தோல் தாள் ஒன்றைக் கண்டார். அதில் கோடாஷின் ஏழு பாட்டுகள், ஆறுக்கு இசைக்குறிப்பு! சுரம் தெளிவாக இருக்கிறது, எதை எவ்வளவு நீட்டுவது என்பதில்தான் அறிஞர்களுக்குள் சண்டை. பக்கவாத்தியம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நீங்கள் கேட்ட மேளம், குழல் எல்லாம் இன்றைய குழுக்கள் சேர்த்தவை. என்னைக் கேட்டால், வாத்தியம் இல்லாமல் ஒற்றைக் குரலில் பாடுவதுதான் அழகு.

பாட்டில் ஒரு பெண் அலைகளிடம் தன் காதலனைப் பார்த்தீர்களா என்று கேட்கிறாள். ஒவ்வொரு கண்ணியும் முந்தியதைச் சற்றே மாற்றிச் சொல்லி, ‘கடவுளே, சீக்கிரம் வருவானா’ என்று முடியும். எழுதியது ஆண், பேசுவது பெண். உங்களுக்கு நெய்தல் திணை ஞாபகம் வரவில்லையா? ஐங்குறுநூற்றில் அம்மூவனார் ஒரு பத்து முழுவதையும் ‘அம்ம வாழி தோழி’ என்றே தொடங்குவார். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை. கடற்கரையில் காத்திருப்பவள் எங்கும் அப்படித்தான் பேசுவாள் போலிருக்கிறது. ஆனால் நமக்குப் பரிபாடலுக்கு இசை வகுத்தவர் பெயரும் பண்ணின் பெயரும் கிடைத்திருக்கின்றன, சுரம் இல்லை. அவர்களுக்குச் சுரம் கிடைத்தது, கோடாஷ் யாரென்று பாட்டுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. பொறாமையாக இருக்கிறது, போங்கள்!

கேள்வி: அந்தக் காலத்தில் அரசர்களும் காதல் பாட்டு எழுதினார்களாமே?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: எழுதினார்கள். போர்ச்சுகல் அரசர் தினிஸ் (ஆட்சி 1279–1325) பெயரில் 137 பாட்டுகள் உள்ளன. 1290இல் பல்கலைக்கழகம் நிறுவியவரும் இவரே. ஒன்றில் பைன் மரப் பூக்களிடம் காதலனைப் பற்றி விசாரிக்கும் பெண்ணாகப் பேசுகிறார். மற்றபடி, ‘சீமாட்டியே, உன்னால் சாகிறேன்’ என்ற ஆண் குரல் புலம்பல்தான் நிறைய. நாலைந்துக்கு மேல் தொடர்ந்து படிக்க எனக்குப் பொறுமை இல்லை. ஆனால் 1990இல் ஹார்வி ஷாரர் என்ற ஆய்வாளர் லிஸ்பன் ஆவணக் காப்பகத்தில் கண்ட கிழிந்த தாளில், இவருடைய ஏழு பாட்டுகள் இசைக்குறிப்போடு இருந்தன. காலிசியாவுக்கும் போர்ச்சுகலுக்கும் பொதுவாக இருந்த அந்த மொழியில் சமயம் சாராத சுமார் 1,680 பாட்டுகளில் மெட்டோடு கிடைத்தவை கோடாஷின் ஆறும் இந்த ஏழும்தான். அதிலும் அரசருடையவை கிழிசலால் துண்டு துண்டாக நிற்கின்றன. பாடுகிறவர்கள்தான் இடைவெளியை இட்டு நிரப்புகிறார்கள்.