பெரிய ஸ்மால்மவுத் வேண்டும் என்பவர்களுக்கு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

போன நவம்பரில், கனடா, அமெரிக்க எல்லையில் இருக்கும் பேரேரிகளில் ஒன்றான ஈரி ஏரியில், 6 பவுண்டைத் தாண்டிய ஒரு ஸ்மால்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீன் மாட்டிய கதையைச் சொன்னதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. பாதிப் பேர் டொரன்டோ சுற்றுவட்டாரம், மீதிப் பேர் டெட்ராய்ட், பஃபலோ பக்கம். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சிலதுக்குப் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பவுண்டு இருந்தால் ‘ட்ரோஃபி’, அதாவது பெருமையாகக் காட்டத்தக்க பெரிய மீன், என்று சொல்லலாம்? நான் பிடித்தது 4 பவுண்டு. நண்பர்கள் அதைச் சின்ன மீன் என்கிறார்கள்.

எங்கே பிடித்தீர்கள் என்று எழுதவில்லையே! கிராண்ட் ஆறு மாதிரி ஓடும் தண்ணீரில் பிடித்திருந்தால் அது அருமையான மீன், நண்பர்கள் பேச்சை விடுங்கள். ஈரி ஏரியிலோ செயின்ட் லாரன்ஸ் ஆற்றிலோ என்றால் நல்ல மீன், ஆனால் ஒரே நாளில் அந்த அளவில் நான்கைந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பொதுவாக வடக்கே 20 அங்குலம் என்பதைத்தான் கோடாக வைத்துக்கொள்கிறோம். எடையில் சொன்னால் சாதாரண ஆறுகளில் 4, பேரேரிகளில் 6 பவுண்டு, அதாவது 2.7 கிலோ.

மலிவான ஸ்பிரிங் தராசை நம்பாதீர்கள், தையல்காரர் டேப் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நீளத்தை அங்குலத்தில் அளந்து, வயிற்றுச் சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி 800-ஆல் வகுத்தால் எடை கிட்டத்தட்ட பவுண்டில் வந்துவிடும். 20 அங்குல மீன் ஒன்று 13.5 அங்குலச் சுற்றளவோடு இருந்தால் நாலரைப் பவுண்டு, அதே நீளத்தில் 15 அங்குலச் சுற்றளவு என்றால் ஐந்தரைக்கு மேல். ஒரே நீளம், ஒரு பவுண்டு வித்தியாசம். அந்த ஒரு பவுண்டு எங்கிருந்து வருகிறது என்பதுதான் அடுத்த கேள்விக்கான பதில்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். குளிர்ந்த வடக்கு ஏரிகளில் இந்த மீன் மெதுவாகத்தான் வளரும், 20 அங்குலத்தைத் தொட 10 வருடம் வரைகூட ஆகும், 15 வயதைத் தாண்டியவையும் உண்டு. உங்கள் கையில் துள்ளுவது உங்கள் பிள்ளையைவிட மூத்ததாக இருக்கலாம்.

அண்ணா, டொரன்டோவிலிருந்து எங்கே போனால் பெரிய மீன் கிடைக்கும்? மூன்று வருடமாகப் பக்கத்துக் குளத்தில்தான் போடுகிறேன், 14 அங்குலத்தைத் தாண்டவில்லை.

தம்பி, மூன்று வருடத்தில் நீங்கள் கைத்திறனைக் கற்றிருப்பீர்கள், ஆனால் அந்தக் குளத்தில் இல்லாத மீனைப் பிடிக்க முடியாது. முதலில் நீர்நிலையை மாற்றுங்கள். வடக்கே ஒரு மணி நேரக் காரோட்டத்தில் சிம்கோ ஏரி இருக்கிறது, பெரிய ஸ்மால்மவுத்துக்குப் பேர்போன இடம். தெற்கே போனால் ஈரி. கிழக்கே போனால் ஒன்டாரியோ ஏரி முடிந்து செயின்ட் லாரன்ஸ் ஆறு தொடங்கும் ஆயிரம் தீவுப் பகுதி. 2022-இல் அந்த ஆற்றில் நடந்த பாஸ்மாஸ்டர் எலைட் என்ற தொழில்முறை மீன்பிடிப் போட்டியில் ஜே பிரஷெகுராட் என்ற 23 வயது இளைஞர் நாலு நாளில், நாளுக்கு 5 மீன் கணக்கில், 102 பவுண்டு 9 அவுன்ஸ் சேர்த்தார். அத்தனையும் ஸ்மால்மவுத். சராசரியாக மீனுக்கு 5 பவுண்டுக்கு மேல் வருகிறது பாருங்கள்.

இந்த ஏரிகளில் மட்டும் மீன் ஏன் இப்படிக் கொழுக்கிறது? பெரிய காரணம் இரை. 1990-இல் செயின்ட் கிளேர் ஆற்றில் ரவுண்ட் கோபி என்ற அந்நிய மீனைக் கண்டுபிடித்தார்கள். கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்து மீன், கப்பல்கள் எடைக்காக நிரப்பி வரும் தண்ணீரோடு வந்து சேர்ந்தது. நம்ம ஊர் வாய்க்காலில் பார்த்திருப்பீர்களே உளுவை, அந்த வகைதான். அதற்குக் காற்றுப்பை கிடையாது, அதனால் மிதந்து நீந்தாமல் கல்லில் ஒட்டிக்கொண்டு தத்தித் தத்திப் போகும். கண்டபடி பெருகும். சூழலுக்குக் கெடுதல்தான், மறுக்கவில்லை, ஆனால் ஸ்மால்மவுத்துக்கு அது வீட்டு வாசலில் விரித்த தலைவாழை இலை. ஒவ்வொரு கிரேஃபிஷ் என்ற நன்னீர் இறாலுக்கும் அலைந்த மீன் இப்போது நின்ற இடத்தில் தின்று வயிறு பெருக்கிறது. மேலே சொன்ன 13.5-க்கும் 15-க்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஆகவே ஏரியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, அங்கே பாஸ் என்ன தின்கிறது என்பது. மீன் எங்கே நிற்கும் என்பது அதற்குப் பிறகு தானாகப் புரியும்: மணலும் சேறும் முடிந்து பாறையும் கூழாங்கல்லும் தொடங்கும் ஓரம், 15 அடியிலிருந்து திடீரென்று 30 அடிக்கு இறங்கும் சரிவு, நடு ஏரியில் தனியாக எழும்பி நிற்கும் கல்மேடு. வரைபடத்தில் அந்த ஓரங்களைக் குறித்துக்கொண்டு போங்கள்.

ஒரு எச்சரிக்கை, உயிருள்ள ரவுண்ட் கோபியை வைத்திருப்பதோ இரையாகப் போடுவதோ ஒன்டாரியோவில் சட்டவிரோதம்.

உலக சாதனை மீன் எவ்வளவு? அதில் ஏதோ மோசடி என்று கேள்விப்பட்டேனே?

11 பவுண்டு 15 அவுன்ஸ், கிட்டத்தட்ட 5.4 கிலோ. 1955 ஜூலை 9-ஆம் தேதி டேவிட் ஹேய்ஸ் என்பவர் கென்டக்கி, டென்னசி எல்லையில் இருக்கும் டேல் ஹாலோ ஏரியில் படகை மெதுவாக ஓட்டியபடி இரையை இழுத்துப் பிடித்தது. அப்புறம்தான் கதை. மீனின் வயிற்றுக்குள் உலோகத் துண்டுகளை நானே திணித்தேன் என்று படகுத்துறை ஊழியர் ஒருவர் அந்தக் காலத்தில் கொடுத்த வாக்குமூலம் பல வருடம் கழித்து வெளியே வந்து, 1996-இல் சாதனையை நீக்கினார்கள். அதே ஏரியில் 1969-இல் பிடித்த 10 பவுண்டு 14 அவுன்ஸ் மீன் முதலிடத்துக்கு வந்தது. மறுபடி விசாரித்து, அந்த வாக்குமூலம் நம்பத்தக்கதல்ல என்று முடிவாகி, 2005-இல் ஹேய்ஸுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு மனிதர் 9 வருடம் சந்தேகத்தோடு வாழ்ந்ததை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

நம் பக்கத்துச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பரில் ஓஹயோவைச் சேர்ந்த கிரெக் கல்லகர் ஈரி ஏரியின் கனடாப் பகுதியில் 10.15 பவுண்டு மீன் பிடித்தார். ஒன்டாரியோவில் 1954 முதல் அசையாமல் நின்ற 9.84 பவுண்டு சாதனை அதோடு முடிந்தது.

வருடத்தில் எந்த மாதம் சிறந்தது?

பெரிய மீன் ஒன்றே ஒன்று போதும் என்றால் அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர். தண்ணீர் 13 டிகிரிக்குக் கீழே இறங்க ஆரம்பித்ததும், கோடையில் ஏரி முழுக்கச் சிதறிக் கிடந்தவை ஆழமான கல் ஓரங்களில் கூட்டமாகச் சேர்ந்து, குளிர்காலத்துக்கு முன் வயிற்றை நிரப்பும். எண்ணிக்கை குறைவு, அளவு பெரிது. காலையிலிருந்து மூன்று மணி வரை ஒரு கொத்துகூட இல்லாமல் இருந்துவிட்டு, அப்புறம் ஒரே கல்மேட்டில் இருபது நிமிடத்தில் நாலு மீன் என்பது இந்தக் காலத்தில் சாதாரணம்.

என்ன ராட், என்ன தூண்டில் நரம்பு, என்ன இரை? ஒரே ஒரு செட் வாங்க முடியும்.

7 அடி மீடியம் லைட் ஸ்பின்னிங் ராட், 2500 அளவு ரீல். ரீலில் 10 பவுண்டு தாங்கும் பிரெய்ட், அதாவது பின்னல் நரம்பு, அதன் முனையில் எட்டுப் பத்து அடிக்கு 8 பவுண்டு தாங்கும், தண்ணீரில் அதிகம் தெரியாத ஃப்ளூரோகார்பன் நரம்பு. அதற்கு மேல் தடியாகப் போகாதீர்கள், ஜீப்ரா மஸ்ஸல் என்ற சிப்பிகள் வந்து வடிகட்டியதிலிருந்து இந்த ஏரிகளில் தண்ணீர் கண்ணாடியாக இருக்கிறது, தடித்த நரம்பை மீன் பார்த்துவிடும்.

இரையில் எனக்கு டிராப் ஷாட்தான் முதல். ஈயக்குண்டு நரம்பின் நுனியில், தூண்டில் முள் அதற்கு ஒரு அடிக்கும் குறைவான உயரத்தில், முள்ளில் மூன்று, நாலு அங்குல ரப்பர் உளுவை. எல்லோரும் செய்யும் தவறு, ராடை ஆட்டு ஆட்டென்று ஆட்டுவது. ஈயம் கல்லில் தட்டியதும் நரம்பைச் சற்றே தளரவிட்டுச் சும்மா இருங்கள், மனதுக்குள் பத்து எண்ணுங்கள், ராட் நுனியை ஒரு கையகலம் அசையுங்கள், மறுபடி சும்மா இருங்கள். கொத்து ‘டக்’கென்று வராது, ஈரத்துணி மாட்டியது போல நுனி கனக்கும். அப்போது வெட்டி இழுக்காமல் ரீலைச் சுற்றிக்கொண்டே ராடை உயர்த்துங்கள், முள் தானே ஏறிவிடும்.

வசந்த காலத்திலும் பாஸ் பிடிக்க அனுமதி இருக்கும் இடங்களில், குளிர்த் தண்ணீரில் ஜெர்க்பெயிட் என்ற மீன் வடிவச் செயற்கை இரையைப் போடுங்கள், ராடால் இரண்டு வெட்டு, பிறகு நீண்ட நிறுத்தம். மற்ற கவர்ச்சியான சாமான்களுக்கு இப்போதைக்குச் செலவழிக்க வேண்டாம்.

பெரியது ஒன்று மாட்டி, குதித்து, தலையை உதறித் தப்பிவிட்டது. இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

புரிகிறது, எனக்கும் அப்படிப் போன மீன்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. நரம்பு நீருக்குள் செங்குத்தாக இருந்தது திடீரென்று சாய்ந்து மேலே ஏறினால், மீன் குதிக்கப்போகிறது என்று அர்த்தம். அந்த நொடியே ராட் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, தளர்வு விழாமல் சுற்றுங்கள், பாதிக் குதியல் அடங்கிவிடும். ரீலிலிருந்து நரம்பு நழுவும் இறுக்கத்தை, அதாவது டிராகை, நரம்பைக் கையால் இழுத்தால் லேசான தடையோடு வரும்படி வையுங்கள். படகுப் பக்கம் வந்ததும் பெரிய மீன் கட்டாயம் ஒருமுறை அடிக்குப் பாயும், அதற்கு இடம் கொடுங்கள். ராடால் தூக்கவே கூடாது, வலைதான்.

மே மாதம் கரையோரத்தில் பெரிய மீன்கள் கூடு கட்டி அசையாமல் நிற்பது தெரிகிறது. பிடித்துவிட்டு விட்டால் என்ன தப்பு?

முதலாவது சட்டம். தெற்கு ஒன்டாரியோவில் பெரும்பாலும் ஜூன் பிற்பாதியில்தான் பாஸ் சீசன் திறக்கிறது, வலயத்துக்கு வலயம் தேதி மாறும், அரசு வெளியிடும் விதிகளைப் பாருங்கள். மூடிய காலத்தில் விட்டுவிடும் எண்ணத்தோடு தூண்டில் போடுவதும் குற்றம்தான்.

சட்டம் இல்லாவிட்டாலும் நான் செய்ய மாட்டேன். தண்ணீர் 15, 16 டிகிரியைத் தொட்டதும் ஆண் மீன் வாலால் கூழாங்கல்லைத் துடைத்து வட்டமாகக் கூடு போடும், பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு முட்டை பொரிந்து குஞ்சுகள் கலையும் வரை காவல் முழுக்கத் தகப்பன்தான். ஒருமுறை தெளிந்த தண்ணீரில் நின்று பார்த்தேன். கூட்டைச் சுற்றி ஏழெட்டு உளுவைகள் கற்களுக்கிடையில் தலையை நீட்டிக் காத்திருந்தன, ஒன்று அரை அடி முன்னே வந்தால் தகப்பன் பாய்ந்து துரத்தும், திரும்பி வருவதற்குள் மறுபக்கத்தில் இன்னொன்று நகர்ந்திருக்கும். அந்த மீனை நீங்கள் இரண்டு நிமிடம் படகில் வைத்துப் படமெடுத்தால் திரும்பிப் போகும்போது கூட்டில் மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

30 அடி ஆழத்தில் பிடித்து விட்ட மீன் வயிறு மேலே தெரிய மிதந்தது. செத்துவிடுமா?

அப்படியே விட்டால் பெரும்பாலும் சாகும். பாஸ் இனத்துக்குக் காற்றுப்பைக்கும் குடலுக்கும் இடையே குழாய் கிடையாது, டிரவுட் மீன் மாதிரி ஏப்பம் விட்டுக் காற்றை வெளியேற்ற முடியாது. ஆழத்திலிருந்து வேகமாக மேலே வரும்போது அழுத்தம் குறைந்து காற்று பெருத்துவிடும், கண் பிதுங்கும், இரைப்பை வாய்க்குள் தள்ளிக்கொண்டு வரும். தாடையில் பிடிக்கும் கிளிப்போடு கனமான ஈயம் கட்டிய இறக்கு கருவி கடைகளில் கிடைக்கிறது, அதில் மாட்டி பிடித்த ஆழத்துக்கே இறக்கிவிட்டால் காற்று மறுபடி சுருங்கி மீன் நீந்திப் போய்விடும். ஊசியால் குத்திக் காற்றை எடுப்பதைப் பழகாதவர்கள் செய்ய வேண்டாம், உள்ளுறுப்பு கிழியும்.

நான் இப்போது 30 அடிக்குக் கீழே போடுவதையே விட்டுவிட்டேன். அங்கேதான் பெரியது நிற்கிறது என்று தெரிந்தும். பெரிய மீனைத் தாடையில் மட்டும் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடாதீர்கள், கையை நனைத்து வயிற்றுக்கடியில் தாங்குங்கள். கேமரா தயாரான பிறகே வலையிலிருந்து எடுங்கள்.

லைவ் சோனார், அதாவது நீருக்கடியில் நடப்பதை ஒலி அலையால் உடனுக்குடன் திரையில் காட்டும் கருவி, இல்லாமல் இனி பெரிய மீன் பிடிக்கவே முடியாதா?

முடியும். திரையில் மீன் இரையை நோக்கி வருவதைப் பார்க்கலாம், உதவிதான். ஆனால் அதை வாங்கும் பணத்தில் பத்து முறை ஏரிக்குப் போகலாம், முதல் இரண்டு வருடத்துக்கு அதுதான் அதிகம் கற்றுத்தரும்.

பெரிய மீனைச் சமைக்கலாமா?

உரிமத்தில் அனுமதித்த எண்ணிக்கைக்குள் இருந்தால் சட்டப்படி தடையில்லை. ஆனால் வயதான மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும், ஒன்டாரியோ அரசு ஏரிவாரியாக, மீன் அளவுவாரியாக எவ்வளவு சாப்பிடலாம் என்று பட்டியல் போடுகிறது, பாருங்கள். குழம்புக்கு 12, 13 அங்குல மீன் போதும், ருசியும் அதில்தான். 20 அங்குலத்தை விடுங்கள்.

நவம்பரில் சின்ன அலுமினியப் படகில் ஈரிக்குத் தனியாகப் போகலாமா? நீச்சல் நன்றாகத் தெரியும்.

வேண்டாம். ஈரி பேரேரிகளிலேயே ஆழம் குறைந்தது, அதனால் காற்று எழும்பினால் அலை சீக்கிரம் உயர்ந்து நெருக்கமாக அடிக்கும். காலையில் எண்ணெய் போலக் கிடந்த தண்ணீர் பதினோரு மணிக்கு வேறு ஏரியாகிவிடும். 8 டிகிரித் தண்ணீரில் விழுந்தால் முதல் நிமிடத்திலேயே மூச்சு வாங்கும், பத்து நிமிடத்தில் விரல் மடங்காது, நீச்சல் தெரிவது அங்கே பெரிதாக உதவாது. இன்னொருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள், உயிர்காப்பு உடையை இருக்கைக்கடியில் வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள், காற்று மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டும் என்று முன்னறிவிப்பு சொன்னால் அன்றைக்கு வீட்டிலிருந்து முள்ளைத் தீட்டுங்கள். கூட வர ஆள் கிடைக்கவில்லை என்றால் எழுதுங்கள், என் படகில் ஒரு இருக்கை காலி.