வாசகர் கேள்வி பதில்: ஆறு மேலே, வயல் கீழே

கேள்வி: இங்கிலாந்தின் ஃபென்ஸ் சதுப்பு நிலத்தில் நடக்கும் நாவல்களில், ஆறு வயலைவிட உயரத்தில் ஓடுவதாக வருகிறது. கதைக்காகச் சொன்னதா? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: உண்மைதான். கேம்பிரிட்ஜ்ஷையர், லிங்கன்ஷையர், நார்ஃபோக் பக்கம் பரந்து கிடக்கும் அந்த நிலத்தின் பெரும்பகுதியை 17ஆம் நூற்றாண்டில் வெர்முய்டன் என்ற டச்சுக்காரர் வாய்க்கால் வெட்டி வடித்தார். தண்ணீர் வடிந்தது, கூடவே நிலமும் இறங்கியது. அங்கே பல இடங்களில் இருப்பது பீட் மண், நம் மலேசியாவில் மலாயில் 'தானா கம்பூட்' என்பார்களே, அது மாதிரி. பாதி மக்கிய செடிகொடிதான் அது. ஊறிக் கிடக்கும்வரை கெடாது. நீரை எடுத்தால் முதலில் சுருங்கும், பிறகு காற்றுப் பட்டு மக்கியே போய்விடும். அங்கே ஹோம் ஃபென் என்ற இடத்தில் 1851இல் ஓர் இரும்புத் தூணை, அதன் தலை தரைமட்டத்தில் இருக்கும்படி இறக்கினார்கள். இன்று அது சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது. இங்கே பீட் மண்ணில் செம்பனை மரங்கள் சாய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுவும் மண் இறங்கி வேருக்குப் பிடி விட்டுப்போனதால்தான்.

ஆற்றுப்படுகையோ வண்டல், அவ்வளவாகச் சுருங்காது. அதனால் ஆறு மேலேயே நின்றுவிட்டது. வயல் நீரை இறைத்துத்தான் ஆற்றில் ஏற்றவேண்டும். முதலில் காற்றாலை, 19ஆம் நூற்றாண்டில் நீராவி, அப்புறம் டீசல், மின்சாரம். கடலுக்குப் போகும் வழியில் மதகு: கடல் ஏறும்போது மூடுவார்கள், வற்றும்போது திறப்பார்கள். கனமழையும் அமாவாசைப் பெருக்கும் கடற்காற்றும் ஒரே இரவில் சேர்ந்தால் திறக்க வழியிருக்காது. ஆற்று நீர் தேங்கும், கரை இளைத்த இடத்தில் உடையும். ஆகவே நாவலில் மதகுக் கதவைப் பழுதுபார்ப்பது யார் செலவு என்று இரண்டு வாரியங்கள் இழுபறி செய்தால், அந்தப் பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். வெள்ளம் அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: டோரதி சேயர்ஸின் 'தி நைன் டெய்லர்ஸ்' (1934) தையல்காரர்களைப் பற்றியதா? (வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: ஊசி நூல் எதுவும் கிடையாது! ஊரில் சாவு விழுந்தால் தேவாலய மணி சொல்லும் சேதி அது. ஆணுக்கு மும்மூன்றாக ஒன்பது அடி, பெண்ணுக்கு ஆறு. அந்த ஒன்பது அடியைத்தான் 'நைன் டெய்லர்ஸ்' என்பார்கள். பிறகு இறந்தவர் வயதுக்கு, வருடத்துக்கு ஓர் அடி. வயலில் நிற்பவர் எண்ணியே ஆளை ஊகித்துவிடலாம். மணிகளை வரிசை மாற்றி மாற்றி அடிக்கும் முறை முதல் அத்தியாயத்தில் தலையைச் சுற்றவைக்கும். கணக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, தேவாலய மணிகள் எட்டு, அடிப்பவர் எட்டுப் பேர், அடிக்கும் நேரம் ஒன்பது மணி நேரம் என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போங்கள். இது துப்பறியும் நாவல், கொலை எப்படி நடந்தது என்பதை இங்கே கேட்காதீர்கள்.

கேள்வி: கிரஹாம் ஸ்விஃப்டின் 'வாட்டர்லேண்ட்' (1983) நாவலில் விலாங்கு மீனுக்கு ஓர் அத்தியாயமே இருக்கிறது. தாண்டிவிடலாமா? (வாசகர், ஜார்ஜ்டவுன்)

பதில்: வேண்டாம். கதை சொல்பவர் சரித்திர வாத்தியார், மதகுக்காரரின் மகன். பாடத்தை விட்டுவிட்டு ஊர்க்கதைக்குப் போவதே அவர் பாணி. விலாங்கு நடுக்கடலில் பிறந்து, இந்த ஆறுகளில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்பும். ஈலி என்ற ஊர்ப்பெயரே விலாங்கிலிருந்து வந்தது என்பார்கள். அவசரமென்றால் பீர் ஆலை முதலாளிக் குடும்பத்தின் பழங்கதையை வேகமாகப் புரட்டுங்கள், விலாங்கை விடாதீர்கள்.