ஸ்வர்ணலதா – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஒரு வாரமாக இரவில் ஸ்வர்ணலதா பாடல்களையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். 'மாலையில் யாரோ', 'போறாளே பொன்னுத்தாயி' கேட்டால் அழுகை வந்துவிடுகிறது. 37 வயதில் போய்விட்டாரே! அவருடைய சொந்தச் சோகம்தான் அந்தக் குரலில் வந்ததா? சித்ராவுக்குக் கிடைத்த புகழ் இவருக்கு ஏன் கிடைக்கவில்லை? கேட்க வேண்டிய பாடல்களுக்கு ஒரு பட்டியல் தர முடியுமா?

எஸ்., தென்காசி

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் அவர் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். செப்டம்பர் 12 நெருங்கினால் வருடா வருடம் இப்படி ஆகிவிடுகிறது. 2010இல் அவர் போன நாள் அது.

சித்ரா பேச்சை விடுங்கள். இரண்டு பேரும் நமக்குக் கிடைத்தார்கள், போதும்.

ஆனால் அந்தச் சோகம் விஷயத்தில் உங்களைச் சும்மா விடமாட்டேன். 'மாலையில் யாரோ' அழுகைப் பாட்டா? காதல் வந்துவிட்டதை ஒரு பெண் தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிற பாட்டு அது. 'சத்ரியன்' வந்த 1990இல் எங்கள் அக்கா திண்ணையில் உட்கார்ந்து துணி தைப்பாள். ரேடியோவில் அந்தப் பாட்டு ஆரம்பித்தால் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவாள். சக்கரம் தானாக இரண்டு சுற்று சுற்றி நிற்கும். பாதித் தையலில் ஊசி துணிக்குள் நிற்கும். பாட்டு முடிகிற வரைக்கும் யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். அவள் முகத்தில் நான் பார்த்தது சோகம் இல்லை.

செத்துப்போனது தெரிந்ததும் எல்லாப் பாட்டிலும் சாவைத் தேடுகிறோம். பெரிய அநியாயம் இது. எம்.எஸ்.வி. இசையில் 'நீதிக்குத் தண்டனை'யில் யேசுதாசோடு பாரதியின் 'சின்னஞ்சிறு கிளியே' பாடியபோது, 1987இல், அவருக்கு 14 வயது. தேசிய விருது வாங்கித் தந்த 'போறாளே பொன்னுத்தாயி' வெளிவந்தபோது 21. அதே மெட்டை அதே 'கருத்தம்மா'வில் உன்னி மேனனும் சுஜாதாவும் சந்தோஷமாகப் பாடியிருக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ஸ்வர்ணலதா எங்கேயும் விம்மவில்லை. குரலை உயர்த்திக் கெஞ்சவில்லை. சொல்லின் கடைசி எழுத்தை அழுத்தாமல் மூச்சோடு போகவிடுகிறார், அவ்வளவுதான். நமக்குத் தொண்டை அடைக்கிறது. அது வித்தை, எஸ்.! மைக்கின் முன்னால் நின்று பழகிப் பழகி வந்த வித்தை. ஆண் பாடினால் 'என்ன ஒரு ஞானம்' என்கிறோம், பெண் பாடினால் 'ஐயோ, என்ன கஷ்டமோ' என்கிறோம். அவர் உழைப்பை ஏன் விதியின் கணக்கில் எழுதுகிறீர்கள்?

அதே தொண்டைதான் 'ராக்கம்மா கையத் தட்டு'வில் எஸ்.பி.பி.க்கு ஈடு கொடுத்தது. 'முக்காலா'வில் மனோவோடு துள்ளியது. அதெல்லாம் யாருடைய சோகம்?

பட்டியலா? இன்றைக்கு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு 'வள்ளி'யில் வரும் 'என்னுள்ளே என்னுள்ளே' மட்டும் கேளுங்கள். அழுகை வந்தால் வரட்டும். அப்புறம் காலையில் எழுந்ததும் 'ஆட்டமா தேரோட்டமா'வைச் சத்தமாகப் போடுங்கள்.