ஜனநாயகத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன தொடர்பு?

வருங்காலத்துக்கும் மிச்சம் வைத்து மண்ணையும் நீரையும் பயன்படுத்துவதுதான் சூழல் நிலைத்தன்மை. ஜனநாயகம் என்றால் வாக்குச்சீட்டு மட்டுமல்ல. பாதிக்கப்பட்டவர் வாய் திறக்கலாம், அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற ஏற்பாடு.

ஒரு காம்பவுண்டில் மாடி வீட்டுக் கழிவுநீர் கீழ்வீட்டு வாசலில் தேங்குகிறது. மாடியில் நாற்றம் வராது. கீழ்வீட்டுக்காரருக்குப் பேச உரிமை இல்லையென்றால் அந்தக் குழாயை யார் சரிசெய்வார்கள்?

பாலாற்றில் நடந்தது இதுதான். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் கழிவு ஆற்றிலும் நிலத்திலும் இறங்கி, கிணற்று நீர் உப்புக் கரித்தது. லாபம் ஓரிடத்தில், உப்பு வேறோரிடத்தில்! வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் அறிவித்தது. ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. (தொகை சிறிதுதான். கொள்கை பெரிது.)

இன்னொரு பக்கமும் உண்டு. ஆலையை நம்பிப் பிழைப்பவர்களுக்கும் வாக்கு இருக்கிறது. தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும். கெட்ட நிலத்தடி நீர் அவ்வளவு சீக்கிரம் தெளியாது.

ஜனநாயகம் இருந்தால் ஆறு தானாகச் சுத்தமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.