எந்த கிளப்பு, வேய்?

கேள்வி: லண்டன் கிளப்புகள்ல ஆடித் திரிஞ்ச ரெண்டு பேரு தொடங்குன ‘பாடிமேப்’ துணி பிராண்ட் கதைய சொல்லுங்க. நம்ம குமரி மாவட்டத்துலயும் அப்படி ஒண்ணு வருமா? (வாசகர், இரணியல்)

பதில்: கிளப்புன்னா எனக்கு மொதல்ல மணக்கது ரசவடைதான். எங்கப்பா ‘கிளப்புக்குப் போயிட்டு வாறேன்’னா காப்பி குடிக்கப் போறாருன்னு அர்த்தம். நான் கிளப்புக்கடைன்னு எழுதிக் குடுத்தா நம்ம புரூஃப் பாக்குத அண்ணாச்சி அத ‘சிற்றுண்டிச்சாலை’ ஆக்கிருவாரு, இருவது வருஷமா சண்ட, இந்த வாட்டியும் திருத்துனா சம்பளத்துல வட பிடிப்பேன்.

சரி, லண்டன். டேவிட் ஹோலாவும் ஸ்டீவி ஸ்டூவர்ட்டும் (ஸ்டீவி பொம்பளயாக்கும்) மிடில்செக்ஸ் பாலிடெக்னிக்ல ஒண்ணா படிச்சவங்க, 1982-ல தொடங்குனாங்க. உடம்போட இழுபடுத பனியன் துணி, எதிர்பாக்காத எடத்துல ஓட்டை, மேல ஹில்டே ஸ்மித்துக்க பிரிண்ட். ராம்ப்ல நடந்தது கூட்டாளிமாரு, குண்டு ஒல்லி எல்லாம், கூட அம்மாமாரும். டான்ஸ்காரரு மைக்கேல் கிளார்க்குக்க (கிரிக்கெட்காரர் இல்ல) ஆட்டத்துக்கும் இவங்க உடுப்புதான்.

இந்தக் கூட்டம் போன கிளப்புல ஒண்ணு ‘டபூ’, 1985-ல லீ பௌரி நடத்துனது. வாசல்ல நிக்கவன் மொகத்துக்கு நேரா கண்ணாடியப் பிடிச்சு ‘நீயா இருந்தா உன்ன உள்ள விடுவியா’ன்னு கேப்பானாம். அங்க சட்ட சரியில்லன்னா வெளிய நில்லு, நம்ம சுசீந்திரம் கோயில்ல ஆம்பள சட்ட போட்டிருந்தா வெளிய நில்லு. துணியப் பாத்து ஆள நிறுத்துத வேலய நமக்கு லண்டன்காரன் படிச்சுத் தரணுமா? பொம்பளைக மாரு மறைக்க தோள்சீலை போடுததுக்கு இங்க எவ்வளவு அடி ஒத வாங்குனோம், 1859-ல திருவிதாங்கூர் மகாராஜா உத்தரவு போட்டப்பவும் ‘மூடிக்கோ, ஆனா மேல்சாதிக்காரி மாதிரி மூடாதே’ன்னு ஒரு வாலு வச்சுத்தான் விட்டாரு. இத எழுதுனா ‘பழசக் கிளறாதீங்க’ன்னு மாசம் ஒரு கார்டு வரும். போடுங்க, படிக்கேன்.

பாடிமேப்புக்கு பேரு வந்த வேகத்துல காசு வரல, எண்பதுகளோட நடுவுலயே நொடிஞ்சு போச்சு. கடைக்காரன் பணம் தரதுக்கு முன்னாடி தையக்கூலி குடுக்கணும்லா, வடசேரி நெசவாளிட்ட கேட்டா இத இன்னும் நல்லா சொல்லுவாரு.

இங்க வருமான்னா, வந்தாச்சு வேய். தூத்தூர் பக்கம் போய்ப் பாரும், பந்து களிக்க ஊருக்கு ஒரு கிளப்பு, கிளப்புக்கு ஒரு ஜெர்சி, முதுகுல பட்டப்பேரு. களிக்காதவனும் அதப் போட்டுத்தான் கல்யாண வீட்டுக்கு வாறான். அம்மாமார ராம்ப்ல ஏத்தணும்னா மட்டும் மொதல்ல உம்ம வீட்டுல கேட்டுட்டு எழுதும்.